கட்டணம் கட்டும் முன் கேட்டவை: மகளைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்த்த அனுபவம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் பர்கூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பேச்சாக இருக்கும். எந்தக் கல்லூரி, என்ன கோர்ஸ், யாருடைய பிள்ளை எங்கே போகிறது. எவ்வளவு செலவாகும் என்ற பேச்சு அப்புறம்தான் வரும். உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், முதல் செமஸ்டர் பணத்தைக் கட்டி ரசீது வாங்கிய பிறகு. 2024-இல் என் மகளைக் கல்லூரியில் சேர்த்தபோது இந்த வரிசையை நாங்கள் தலைகீழாக வைத்துக்கொண்டோம். முதலில் உதவித்தொகை, பிறகு கோர்ஸ், அதன் பிறகே கல்லூரி. அதனால் எங்களுக்கு மிச்சமான பணமும் நிம்மதியும் பெரியது. இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். கணவர் மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், கல்லூரிகள் கட்டணம் கேட்கிற ஜூன், ஜூலையில்தான் எங்களைப் போன்றவர்கள் கையில் கொஞ்சம் காசு புழங்கும். பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் அந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்த வருடமென்றால் அதுவும் இல்லை.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்புகிற இடங்கள் காலங்காலமாக ஏறக்குறைய ஒன்றேதான். பக்கத்தில் என்றால் திருப்பத்தூரில் சலேசிய சபையார் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி. சென்னை என்றால் 1925-இல் தொடங்கிய லயோலா, 1837-இல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஓசூர்ப் பக்கம் குடியேறியவர்கள் பெங்களூரைப் பார்க்கிறார்கள். அங்கே கிறைஸ்ட் 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, இயேசு சபையாரின் செயின்ட் ஜோசப்ஸ் 2022-இல் பல்கலைக்கழகம் ஆனது. என் மகளும் என் அக்கா மகனும் ஒரே ஆண்டில் பிளஸ் டூ முடித்தார்கள். அவள் தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனாள். அவன் பெங்களூரில் கிறிஸ்தவ நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனான். இரண்டு வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் எனக்கு நிறைய விளங்கியது.

உதவித்தொகை என்றால் மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, நாம் எந்த சீட்டில் உட்காருகிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒரே கல்லூரி, ஒரே கட்டடம், ஒரே லேப். ஆனால் காலையில் நடக்கும் வகுப்பு, ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிற எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவாக இருக்கும், மதியம் நடப்பது மாணவர் கட்டணத்திலேயே ஓடுகிற சுயநிதிப் பிரிவாக இருக்கும். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதைவிட முக்கியம், எந்த அரசுத் திட்டம் முழுதாக உதவும், எது பாதிதான் உதவும் என்பதும் அதிலேயே முடிந்துவிடுகிறது. விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே, "இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பெயரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் மகளுக்குக் கணினி அறிவியல் மேல்தான் ஆசை. அது நாங்கள் பார்த்த கல்லூரிகளில் சுயநிதியில் இருந்தது. கணிதம் எய்டட். அவளோடு உட்கார்ந்து மூன்று ஆண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். "சரிம்மா, கணக்கே படிக்கிறேன், கம்ப்யூட்டரை மேலே படிக்கும்போது பார்த்துக்கலாம்" என்றாள். பிள்ளையின் ஆசையை வெட்டிவிட்டு இதைச் செய்யக் கூடாது என்பதும் என் கருத்து. அவளே கணக்கைப் பார்த்து அவளே முடிவு எடுத்ததால்தான் இன்றைக்கும் மனம் கோணாமல் படிக்கிறாள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் படித்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு பார்க்காமலே கட்டண உதவி உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குத்தான் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேர்கிற பிள்ளைகளின் வீட்டில், "எங்க வருமானம் அதிகம், எங்களுக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப் போன்ற குடும்பங்கள் தர்மபுரி மறைமாவட்டம் முழுக்க இருக்கின்றன. நாங்கள் ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், என் தாத்தா காலத்திலேயே. மதம் மாறிய ஆதிதிராவிடருக்குத் தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழ் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றுதான் வரும். இட ஒதுக்கீட்டில் அப்படி. ஆனால் கல்வி உதவித்தொகையில் மாநில அரசு எங்களையும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் சேர்த்துக்கொள்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று மூவரையும் ஒன்றாகத்தான் அறிவிப்பில் எழுதுவார்கள். படிவங்களில் இது எஸ்.சி.சி. என்று இருக்கும். 2012-இல் வந்த அரசாணை எண் 92-இன் படி சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் இந்த மூன்று பிரிவினருக்கும் கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்கும். வருமான வரம்பு இப்போது ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். ஆனால் சுயநிதிப் பிரிவில் கல்லூரி கேட்கிற மொத்தத் தொகையையும் அரசு தந்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. அரசு ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் வரும், மிச்சம் நம் தலையில்தான்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால் கவுன்டரில் வருகிறது. ஓர் அலுவலகத்தில் மகளின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல பி.சி.ன்னு போட்டிருக்கு, நீங்க பி.சி. ஃபார்ம்தான் போடணும்" என்றார்கள். நாங்கள் கோபப்படவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறையின் அந்த ஆண்டு அறிவிப்பை அச்செடுத்துக் கையோடு வைத்திருந்தோம். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்ற வரிக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினாள் மகள். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சரியான பிரிவில் போட்டுக் கொடுத்தார். பி.சி. பிரிவில் போட்டிருந்தாலும் எய்டட் கோர்ஸுக்கு ஏதோ கிடைத்திருக்கும். ஆனால் உரிமையுள்ள இடத்தில் கேட்பதுதான் சரி. வாயால் சொன்னால் விவாதம் ஆகிவிடும், தாளைக் காட்டினால் வேலை நடக்கும். இது எங்களைப் போன்ற ஒவ்வொரு வீட்டுக்கும் நான் சொல்வது.

இந்த உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இப்போது யூமிஸ் என்கிற இணையதளம்தான் வாசல். தமிழ்நாட்டில் கல்லூரியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரியே ஒரு யூமிஸ் எண் கொடுக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கல்லூரியில் உதவித்தொகைக்கு என்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். முதல்வர் அறையைவிட முக்கியமான அறை அவருடையது என்று நான் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தாள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய அட்டைச் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் இ-சேவையில் புதிதாக ஆன்லைன் சான்றிதழ் வாங்கிவிடுவது நல்லது. வருமானச் சான்றிதழ் 60 ரூபாய்க் கட்டணத்தில் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) பார்த்து, தாலுகா அலுவலகத்தில் ஒப்புதல் ஆகி வரும். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாமதமாகும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே போட்டுவிட்டால் தொல்லை இல்லை. அப்புறம் பெயர். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இது தனிப் பிரச்சினை. பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து நீளமாக ஒரு பெயர், வங்கியில் இன்னொரு விதமாக இனிஷியல். உதவித்தொகைத் தளம் ஆதாரோடு பொருத்திப் பார்க்கும்போது இடிக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ப ஆதாரையும் வங்கியையும் மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழை மாற்றப் போனால் மாதக்கணக்கில் அலைச்சல்.

வங்கிக் கணக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு நேராக வருவதற்கு (இதைத்தான் டி.பி.டி. என்பார்கள்), வங்கிகளுக்குப் பொதுவான பணப் பரிமாற்ற அமைப்பான என்.பி.சி.ஐ.யில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். வங்கியில், "டி.பி.டி.க்கு சீடிங் ஆகியிருக்கா?" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்காக இருந்தால், 18 வயது ஆனதும் கே.ஒய்.சி. என்கிற அடையாளத் தாள்களை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். வங்கிக்கு நடக்க முடியாதவர்கள் போஸ்ட்மேனிடம் சொல்லி இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கலாம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அதில்தான் பணம் ஏறுகிறது.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது. என் மகள் படித்தது சிஸ்டர்கள் நடத்துகிற அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அப்போது எங்களுக்கு அது இல்லை. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி தூத்துக்குடியில் முதலமைச்சர் அதை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார். மகள் முதலாண்டில் இருக்கும்போதே பெயர் சேர்ந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 முதல் இருக்கிறது, அதே 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடவே வரும். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் மகள் என்னிடம் கை நீட்டுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம். கான்வென்ட் பள்ளியில் படித்ததால் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காத பெண்கள் எங்கள் பங்கிலேயே இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் சொல்லி அறிவிக்கச் சொன்னோம்.

ஒன்றிய அரசின் உதவித்தொகை ஒன்றும் உண்டு. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருந்தால், நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. தொடர்ந்து வர 75 சதவீத வருகையும் 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. அதனால் இரண்டில் எது பெரியது என்று பார்த்து ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு மாநில உதவித்தொகையே போதும் என்று இதை விட்டுவிட்டோம். வருமானம் மூன்று, நான்கு லட்சம் உள்ள குடும்பத்துப் பிள்ளை சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் இதுதான் கைகொடுக்கும்.

கிறிஸ்தவக் கல்லூரி என்றால் கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கட்டணம் குறைப்பார்கள் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் பலமாக இருக்கிறது. பங்குத்தந்தையின் கடிதம் சேர்க்கைக்கு உதவும், சிறுபான்மை இடத்துக்கு அது தேவை. கட்டணச் சலுகை வேறு. நிர்வாகம் தன் கையிலிருந்தோ, பழைய மாணவர்களும் நல்ல மனிதர்களும் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளைகளிலிருந்தோ கொடுக்கும் உதவி, வசதியில்லாத எந்தப் பிள்ளைக்கும் போகிறது. என் மகளின் வகுப்பில் அப்பா இல்லாத ஒரு இந்துப் பெண்ணுக்கும் ஒரு முஸ்லிம் பையனுக்கும் அது கிடைத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மனமார நினைக்கிறேன். இந்த உதவிக்கான படிவம் சேர்க்கையின்போது கொடுக்கப்படுவதில்லை, வகுப்புகள் தொடங்கிய பிறகு துறைத் தலைவர் வழியாக வந்தது. ரேஷன் அட்டை நகல், வருமானச் சான்றிதழ், வீட்டு நிலையைச் சொல்லும் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை மகளையே தமிழில் எழுதச் சொன்னேன். யாரிடமோ கொடுத்து ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதி வாங்குவதைவிட, அப்பாவுக்கு எத்தனை மாதம் வேலை, தம்பி என்ன படிக்கிறான், வாடகை எவ்வளவு என்று நேராக எழுதியதுதான் எடுபட்டது. மதிய உணவுத் திட்டம், நூலகத்திலோ அலுவலகத்திலோ மாலை நேரம் வேலை செய்து சம்பாதிக்கும் வாய்ப்பு, இவையும் சில கல்லூரிகளில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

அக்கா மகன் விஷயம் வேறு மாதிரி. அவன் அப்பா ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வேலை, வருமானம் எங்களைவிட அதிகம். பெங்களூரில் அவன் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் எய்டட் சீட் கிடையாது, முழுக் கட்டணம்தான். யூமிஸ் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கானது, ஆகவே அந்த வழியும் இல்லை. அங்கே இரண்டு விதமான சலுகை இருந்தது. ஒன்று பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு, இன்னொன்று வசதியின்மைக்கு. மதிப்பெண் சலுகை அவனுக்குக் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறிப்பிட்ட கிரேடுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும் என்று நிபந்தனை. சேரும்போது தருகிற சதவீதத்தைப் பார்த்து மயங்காமல், மூன்றாம் ஆண்டு வரை நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். வாங்கினார்கள்.

மிச்சத்துக்குக் கல்விக் கடன். 7,50,000 ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கத் தேவையில்லாத உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தார்கள். ஒரு வங்கிக் கிளையில் பி.ஏ.வுக்கெல்லாம் கடன் தருவதில்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டப்படிப்புக்கும் கடன் உண்டு. ஆன்லைனில் விண்ணப்பித்திருந்ததால் மறுப்பதென்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் போய்ப் பார்த்தார்கள், அப்புறம் வேலை நகர்ந்தது.

கடன் வாங்கும் முன் இந்தக் கணக்கை எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1,00,000 வீதம் மூன்று ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். அதற்குள் முதலாண்டுப் பணத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000. ஆக வாங்கியது 3,00,000, கட்டத் தொடங்கும்போது நிற்பது 3,90,000. வருமானம் 4,50,000-க்குள் உள்ளவர்களுக்கு இந்த வட்டியை அரசே ஏற்கும் பழைய திட்டம் தொழிற்படிப்புகளுக்குத்தான், பி.ஏ., பி.காமுக்கு இல்லை. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம், அரசு தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும், தொடக்கத்தில் அவை 860. இனிமேல் சேர்கிறவர்கள் தங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவருகிறார்கள். நல்ல முடிவு.

ஒரு இடத்தில் பணம் கட்டிய பிறகு எய்டட் சீட் கிடைத்தால் கட்டிய பணம் போய்விடுமே என்று பயந்து பலர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்ப வரும். அதற்குப் பிறகு 90, 80, 50 என்று சதவீதம் இறங்கும். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆனால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இந்த விதியைச் சொல்லி எழுதிக் கொடுத்துத்தான் மாறினாள்.

தங்கிப் படிக்கிற பிள்ளைகள் கல்லூரி விடுதிக் கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2025-இல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாறிய அரசு விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரி எதுவானாலும் பக்கத்தில் அரசு விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள், இடங்கள் ஜூலைக்குள் நிரம்பிவிடும். தையல், கட்டுமானம் போன்ற நல வாரியங்களில் பதிவு செய்திருந்தாலும், உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தாலும் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. நான் தையல் வாரிய அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்தது இதற்குத்தான்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டு கிடைத்துவிட்டது, தானாக வரும் என்று விட்டால் நின்றுவிடும். ஜூனில் புது வருமானச் சான்றிதழ், யூமிஸில் விவரம் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. அரியர் விழுந்த பிள்ளைகள் பயந்துபோய் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம், பொறுப்பு ஆசிரியரைப் பார்த்து எந்தத் திட்டத்துக்கு என்ன விதி என்று கேட்டுவிடுங்கள். பணம் பெரும்பாலும் தாமதமாகத்தான் ஏறும், பல நேரம் ஆண்டின் கடைசியில். அதுவரை தேர்வுக் கட்டணத்துக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். நாங்கள் மாங்காய் சீசன் சம்பளத்தில் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.